கழுநீரில் கலந்த பால்

எங்கள் செவலைப் பசுவின் கன்று குடித்த பால் அதன் மூக்கு வழியாகத் திரும்பி வந்ததை நான் பார்த்தபோது எனக்கு எட்டு மாதம் முடியும் தறுவாய். வயிற்றுக்குள் என் பிள்ளை புரண்டுகொண்டிருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து பிரசவம் ஆகிறவரைக்கும் நான் பட்ட பயத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது. வயதானால் அப்படித்தான் என்று டாக்டர் சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

எழுபதுகளின் கடைசி அது. நாகமலை புதுக்கோட்டையில், மலையைப் பார்த்த மாதிரி எங்கள் வீடு. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் நான் டைப்பிஸ்ட். அவர் மதுரை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் மூன்றாவது ஆள் என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நல்லவர்தான். ஆனால் அவர் வைத்ததுதான் சட்டம். எனக்கு அம்மா இல்லை, நான் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போதே போய்விட்டாள். அதனால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பேச்சே எழவில்லை. எல்லாம் அத்தை கையில் என்று முடிவாகிவிட்டது. எனக்கும் அதில் வருத்தமில்லை, அந்த மருந்து வருகிறவரைக்கும்.

பின்கட்டில் மாட்டுத்தொழு. செவலை அப்போது ஒரு காளங்கன்றோடு கறந்துகொண்டிருந்தது. அது மறுபடி சினைக்குக் கத்தியதும் என் வீட்டுக்காரர் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய்ச் சினை ஊசி போட்டுக்கொண்டு வந்தார். சீமை இனத்து ஊசி. அத்தைக்கு அது பிடிக்கவே இல்லை.

"காளையக் கண்ணுல பாக்காம அது என்னடா சினை? எந்த ஊருக் காளையோ, என்ன சீக்கு இருந்துச்சோ."

"அம்மா, பொட்டக்கன்னா பொறந்துச்சுன்னா நாளைக்கு எம்புட்டுப் பால் கறக்கும்னு தெரியுமா உனக்கு?"

அடுத்த மாதமே எனக்கும் நாள் தள்ளிப்போனது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு சூல் ஆகாது என்று அத்தை கொஞ்ச நாள் முணுமுணுத்தார். மாட்டுக்குத் தனிக் கூரைதானே என்று என் வீட்டுக்காரர் சிரித்து மழுப்பிவிட்டார். பசுவுக்குப் பொட்டைக்கன்று வேண்டும், மருமகளுக்கு ஆண்பிள்ளை வேண்டும். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, அந்தத் தெரு முழுக்க வேண்டுதல் அப்படித்தான் இருந்தது. இரண்டும் மாறிப்போனால் இரண்டு பேருக்கும் மரியாதை குறையும்.

அத்தையின் மூத்த மகன் குடும்பம் வேறு ஊரில் இருந்தது. அங்கே மூன்றும் பெண். அந்த ஆற்றாமையில் அத்தை எனக்கு நாள் தள்ளிப்போன சேதி உறுதியான வாரமே பஸ் ஏறி எழுமலைக்கு அந்தப் பக்கம் போனார். மலையடிவாரத்தில் ஒரு மருந்துக்காரராம். திரும்பி வரும்போது முந்தானையில் பதினோரு பொட்டலம் முடிந்திருந்தது. பழைய செய்தித்தாளில் மடித்து நூல் சுற்றியவை. பிரித்தால் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு பொடி. ஈரமான கோணிச்சாக்கு வாடை.

"ரெண்டாம் மாசம் முடியுறதுக்குள்ள குடிச்சிறணும்த்தா. விடியக்காலம் வெறும் வயித்துல. காளங்கன்னு போட்ட மாட்டுப் பால்லதான் கலக்கணுமாம். நம்ம வீட்டுலயே இருக்கு பாரு."

அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மருந்து என்றார். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது.

நாலு நாள் குடித்தேன். முதல் நாள் நாக்கு மரத்துப்போனது. இரண்டாம் நாள் நெஞ்சு எரிந்தது. நாலாம் நாள் ஆபீசில் டைப் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எழுத்தெல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். மசக்கை என்று எல்லோரும் கிண்டல் செய்தார்கள். எனக்கு மசக்கைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்தது. என் உடம்பு இதை வேண்டாம் என்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது.

குடிக்க மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவரிடம் சொன்னால் நேரே அம்மாவிடம் போய் நிற்பார்; அப்புறம் அந்த வீட்டில் என் பாடு திண்டாட்டம். அதனால் அஞ்சாம் நாள் ஒரு தந்திரம் செய்தேன். "அத்தை, குமட்டுது, பின்னால போயிக் குடிச்சிட்டு வாரேன்" என்று டம்ளரைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். தரையில் ஊற்ற முடியாது. பால் மிதிபடுவது அத்தைக்கு மகா பாவம், தவிர வெள்ளையாகத் தெரிந்துவிடும். சாக்கடையும் அவர் குளிக்கும் இடத்தைத் தாண்டித்தான் ஓடும். தொழுவை ஒட்டிக் கழுநீர்ப் பானை இருந்தது, அத்தை வாயில் கழனிப்பானை. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதற்குள்தான் போகும். அந்த வெள்ளையில் இந்த வெள்ளை தெரியாது. டம்ளரைக் கவிழ்த்தேன். ஒரு குச்சியால் கலக்கிவிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"குடிச்சிட்டியாத்தா?"

"குடிச்சிட்டேன் அத்தை."

மிச்சம் ஏழு பொட்டலமும் அப்படியே போயின. செவலை தலையைப் பானைக்குள் விட்டு ஒரே மூச்சில் உறிஞ்சும். விளிம்பைக்கூட நக்கும். பாலும் வீணாகவில்லை, சண்டையும் இல்லை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போது காறித் துப்பத் தோன்றுகிறது. அதுவும் சினை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாள்கூட உறைக்கவில்லை. மனுஷி மருந்து மாட்டை என்ன செய்யும் என்ற நினைப்பு.

அப்புறம் மாதங்கள் ஓடின. குமட்டல் நின்றது. அத்தை வீட்டோடு எனக்கு வளைகாப்புப் போட்டார். நானும் செவலையும் சேர்ந்தே பெருத்தோம். தெருவில் போகிறவர்கள், "யாரு மொதல்ல, நீயா அவளா?" என்று கேலி செய்வார்கள். நான் சிரிப்பேன். அந்த மருந்தை நான் மறந்தே போயிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. செவலைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. விடிந்ததிலிருந்து படுப்பதும் எழுவதுமாக இருந்தது. பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியும் கன்றின் குளம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. அத்தை கையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்த கையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மகனிடம், "சைக்கிள எடுத்துட்டுப் போயி டாக்டரக் கூட்டிட்டு வாடா. சுருக்க போ" என்றார். என்னைப் பார்த்து, "நீ உள்ள போ. கதவச் சாத்திக்க" என்றார்.

உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். ஆனால் அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். சினைமாடு கன்று போடுவதைப் பிள்ளைத்தாய்ச்சி பார்க்கக் கூடாது என்பார்கள். பார்க்காதே என்று சொன்னால் பார்க்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

மாட்டு டாக்டர் வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டு, தோள்வரை சோப்பு நுரை போட்டுக்கொண்டு, கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எதையோ தடவித் தடவித் தேடினார். கயிறு கேட்டார். அவரும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து இழுத்தார்கள். செவலை கத்திய கத்தலில் என் அடிவயிறு கல்லாக இறுகியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சொத்தென்று எதுவோ வைக்கோலில் விழுந்தது.

கன்று விழுந்ததும் யாராவது ஒருவர், "என்ன கன்னு?" என்று கேட்பது வழக்கம். மாடு வளர்த்த எந்த வீட்டிலும் அந்தக் கேள்வி தானாக வந்துவிடும். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மூன்று பேரும் கீழே பார்த்தபடி நின்றார்கள். அந்த அமைதிதான் என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது.

பொட்டைக்கன்று. உயிரோடுதான் இருந்தது. நல்ல செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, கண் இரண்டும் அழகு. ஆனால் முன்னங்கால்கள் இரண்டும் மார்போடு மடங்கி இறுகியிருந்தன. டாக்டர் ஒன்றைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். வரவில்லை. பின்னங்கால்களும் அப்படியே. முதுகெலும்பு ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்க முயன்றது, அதுவும் ஒரு பக்கமாகவே போனது. செவலை எழுந்து வந்து அதை நக்க ஆரம்பித்தது. எந்தக் கன்றை நக்குமோ அதே மாதிரி, மூக்கிலிருந்து தொடங்கி, விடாமல் நக்கியது.

அத்தை சீம்பாலைக் கறந்து பாட்டிலில் ஊற்றிக் கன்றின் வாயில் வைத்தார். அது ஆவலாகத்தான் சப்பியது. ரெண்டு மடக்கு. உடனே அந்த மஞ்சள் பால் இரண்டு மூக்குத் துவாரம் வழியாகவும் குபுகுபுவென்று வெளியே வந்தது. கன்று இருமியது. அத்தை துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் மூக்கு வழியாகவே வந்தது.

டாக்டர் அதன் வாயைப் பிளந்து விரலை விட்டுப் பார்த்தார். "வேணாம்மா, விட்டுருங்க. மேலண்ணம் இல்ல" என்றார். பிறகு என் வீட்டுக்காரரிடம் விளக்கினார். "இது வளர்ச்சிக் கோளாறு சார். கரு வளரும்போது அண்ணம் ரெண்டு பக்கத்துலருந்தும் வளந்து வந்து நடுவுல ஒட்டணும். இதுக்கு ஒட்டல. காலும் அப்படித்தான். உள்ள இருக்கும்போதே அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். அசையாமப் போனா மூட்டு இறுகிப்போகும்."

"எந்த மாசத்துல டாக்டர்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"ரெண்டாம் மாசம், அதுக்கு அக்கம்பக்கம்."

"எதுனால வரும்?"

"சொல்ல முடியாதும்மா. காளை வழியா வரலாம். விஷச்செடி எதையாச்சும் தின்னாலும் வரும். மருந்து கிருந்து போனாலும் வரும். ஒண்ணுமே இல்லாமயும் வரும்." அத்தை பக்கம் திரும்பினார். "மாடு எதையும் கண்டதத் தின்னுச்சா?"

"மேச்சலுக்கே விடுறதில்லயே டாக்டரு. வைக்கோலு, புண்ணாக்கு, கழனித் தண்ணி..." என்று சொல்லிக்கொண்டே வந்த அத்தை அங்கே நிறுத்திவிட்டார்.

அப்போதுதான் டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஏம்மா, இவங்கள உள்ள கூட்டிட்டுப் போங்க மொதல்ல" என்று அதட்டினார். அந்த அதட்டலில் என் உயிர் பாதி போய்விட்டது. மருந்து போனாலும் வரும். ரெண்டாம் மாசம். நாலு பொட்டலம் எனக்குள், ஏழு பொட்டலம் அதற்குள்.

ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதற்கு அத்தை சம்மதிக்கவில்லை. அதுவாகப் போகட்டும் என்றுவிட்டார். மத்தியானம்வரை தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. முதுகில் ஐந்தாவது கால் தொங்குகிற மாட்டுக்குப் பட்டுத்துணி போர்த்தி வீடு வீடாகக் கூட்டி வருவார்களே, அதை வணங்கி அரிசி போட்ட அதே கைகள்தான் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டன. கூடுதலாக ஒரு கால் முளைத்தால் சாமி. இருக்கிற நாலு காலும் மடங்கிப்போனால் பீடை. பெண்கள் கன்றைப் பார்த்துவிட்டு உடனே என் வயிற்றைப் பார்த்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் வெயில் இறங்கும்போது கன்று போய்விட்டது. உப்புப் போட்டுப் புதைத்தார்கள். "எல்லாம் அந்த ஊசியாலதான்" என்று அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். ஊசி போட ஓட்டிப்போனது அவர்தானே. ஒரு வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுநாள் ஆபீசில் காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினேன். செவலைக்கு ஊசி போட்ட நாள், எனக்கு நாள் தள்ளிப்போன நாள், மருந்து வந்த நாள். எப்படி எண்ணினாலும் அந்தப் பதினோரு நாளும் எங்கள் இரண்டு பேருக்கும் ரெண்டாம் மாதத்துக்குள்தான் வந்து விழுந்தது. ஏழு குடித்ததற்கு இந்தக் கதி என்றால் நாலு குடித்ததற்கு என்ன கதி? மாட்டின் உடம்பு பெரிது, என் உடம்பு சிறிது. அந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு நான் டைப் அடித்த தாள் முழுவதும் தப்பாகப் போனது. கணக்கு வாத்தியார் வீட்டிலேயே இருந்தும் அந்தக் கணக்கை அவரிடம் கொண்டுபோக முடியவில்லை.

விலங்கியல் துறைக்கு ஒரு கட்டுத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே கண்ணாடி அலமாரியில், மருந்துத் தண்ணீர் நிரப்பிய ஜாடிக்குள் ஒரு ஆட்டுக்குட்டி உண்டு. ஒரு உடம்பு, இரண்டு முகம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். கூட வேலை பார்ப்பவளிடம், "இதுக்கு எந்த மூஞ்சில பவுடர் போடுறது?" என்று சிரித்ததும் நான்தான். அன்றைக்கு அலமாரியின் முன்னால் கால் நகரவில்லை. குட்டியின் கண் நாலும் மூடியிருந்தன. யாரோ பெற்ற பிள்ளை என்று தோன்றியது. தாள்கட்டை வாசலில் இருந்த பியூனிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றோடு லீவு போட்டேன்.

வயிற்றுக்குள் பார்க்க அப்போது எங்களுக்கு வழி எதுவும் இல்லை. ஸ்கேன் என்கிற சொல்லே நான் கேள்விப்பட்டதில்லை. டவுனில் இருந்த லேடி டாக்டர் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "ஹார்ட் பீட் நல்லா இருக்கு, தலை கீழ வந்துருச்சு" என்பார். இருதயம் அந்தக் கன்றுக்கும் நன்றாகத்தான் அடித்தது. எனக்கு வேண்டியது கால். எனக்கு வேண்டியது அண்ணம். பிள்ளை உதைக்கிறதா என்று நாள் முழுக்கக் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். உதைத்தால் கால் அசைகிறது என்று ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷம், அது உதைதானா, இல்லை இறுகிப்போன முழங்கால் இடிக்கிறதா என்ற பயம். அண்ணத்துக்கு எந்த உதையும் கிடையாது. அது ஒட்டியிருக்கிறதா என்பதை எந்தக் கை வைத்தும் தெரிந்துகொள்ள முடியாது.

அத்தை எனக்குச் சமைத்துப் போட்டார், காலில் எண்ணெய் தேய்த்துவிட்டார். ஆனால் முன்னைப் போலப் பேசவில்லை. சில சமயம் நான் திரும்பும்போது என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் பார்த்ததும் கண்ணை எடுத்துவிடுவார். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதோ என்று அதற்கும் பயந்தேன். ஒருநாள், "அழகர்கோவிலுக்குப் போயிட்டு வருவமா? பதினெட்டாம்படியான் கதவுக்கு முன்னால நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துருவோம்" என்றார். அந்தக் காவல்தெய்வத்தின் கதவுக்கு முன்னால் நின்று யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெரிய வழக்குகளே அந்தக் கதவுக்கு முன்னால் சத்தியம் செய்துதான் தீரும். பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் எப்படி அங்கே போய் நிற்பேன்? பஸ்ஸில் குலுங்கும், முடியாது அத்தை என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. தனியாகப் போய்வந்தார். சந்தனத்தை என் வயிற்றில் பூசும்போது அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

அடுத்த வாரம் செவலையை விற்றார்கள். பீடை பிடித்த மாடு, பிள்ளை பிறக்கப் போகிற வீட்டில் இருக்க வேண்டாம் என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். அத்தையும் சரி என்றுவிட்டார். தரகர் வந்து கயிற்றைப் பிடித்தார். கன்று விழுந்த இடத்தைத் தாண்டும்போது செவலை நின்று, வைக்கோலை மோந்து பார்த்தது. "ஹேய், நட" என்று அவர் இழுத்தார். அது கத்தவில்லை. மடி இன்னும் கனத்துத்தான் இருந்தது. நான் நிலைப்படியில் நின்றேன். அது பீடை இல்லை, நான்தான் அதற்கு ஊற்றினேன் என்று தொண்டைவரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் மாடு தப்பியிருக்கும். சொன்னால் எல்லோரும் என் வயிற்றைப் பார்ப்பார்கள். இந்தப் பெண் குடித்த மருந்து, இந்த வயிற்றில் என்ன இருக்கிறதோ என்று பார்ப்பார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாது என்று நினைத்தேன். மாடு தெருமுனை திரும்புகிறவரை பார்த்துவிட்டு உள்ளே வந்து படுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் வலி கண்டது. டவுனில் இருந்த நர்சிங் ஹோமுக்கு டாக்சி வைத்துக் கொண்டுபோனார்கள். வலியைப் பற்றி எனக்கு இப்போது ஒன்றும் நினைவில்லை. பயம்தான் நினைவிருக்கிறது. வெளியே வந்துவிட்டால் தெரிந்துவிடும் என்பதால் பிள்ளையை உள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்த்தேன். "முக்கும்மா, ஏன் இழுத்துப் பிடிக்கிற?" என்று லேடி டாக்டர் திட்டினார்.

கடைசியில் அழுகைச் சத்தம் கேட்டது. "பொம்பளப் பிள்ள" என்றாள் நர்ஸ், கொஞ்சம் தயங்கி. அந்த ஊரில் அந்தச் சேதியை அப்படித்தான் சொல்வார்கள்.

"காலு நீளுதா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"காலு. நீட்டி மடக்குதான்னு பாருங்க."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு காலும் காற்றை உதைத்துக்கொண்டிருந்தன. கைகள் விரிந்தன. முதுகு நேராக இருந்தது. நான் அழுதேன். பெண்பிள்ளை பிறந்ததற்கு அழுகிறேன் என்று நினைத்து அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

ஆனால் அண்ணம் வெளியே தெரியாதே. அந்த ஒன்று பாக்கி இருந்தது. வாயைத் திறந்து பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அறைக்கு மாற்றினார்கள். அத்தை குழந்தையைத் துணியில் சுற்றி என் பக்கத்தில் வைத்தார். பெண்ணா என்று முகம் சுளிக்கவில்லை. "பால் கொடுத்துப் பாரு" என்றார்.

கொடு என்று சொல்லவில்லை, கொடுத்துப் பாரு என்றுதான் சொன்னார்.

குழந்தை பிடித்துச் சப்பியது. எல்லாத் தாயும் அப்போது பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்களாம். நான் மூக்கை மட்டும் பார்த்தேன். அந்த இரண்டு சின்னத் துவாரங்களையும் இமைக்காமல் பார்த்தேன். ஒரு மடக்கு. ரெண்டு மடக்கு. தொண்டை ஏறி இறங்கியது. துவாரங்கள் காய்ந்தே இருந்தன. மூன்று, நான்கு. எண்ணிக்கொண்டே இருந்த நான் தற்செயலாக நிமிர்ந்தேன். அத்தை கட்டில் கம்பியைப் பிடித்தபடி குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவரும் குழந்தையின் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடும் எண்ணிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் நிமிர்ந்து தன்னைக் கவனித்துவிட்டதை அவரும் பார்த்தார்.

"எத்தன நாளுத்தா குடிச்ச?" என்று கேட்டார்.

"நாலு நாளு அத்தை."

"மிச்சம் கழனிப்பானையில."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு நாளு தண்ணி காட்டும்போது அந்த வாடை அடிச்சுச்சு. மொத நாள்லருந்தே ஊத்திட்ட போலன்னு நெனச்சு நானும் பேசாம இருந்துட்டேன். எனக்கும் அத உனக்குக் கொடுக்கப் பயமாத்தான் இருந்துச்சு. இந்தக் கன்னு விழுந்தப்பெறகுதான், அய்யோ, இவ ஒரு நாளு ரெண்டு நாளாச்சும் குடிச்சிருப்பாளோன்னு..." அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "கேட்டுருவோமான்னு தெனமும் நெனப்பேன். நீ குடிச்சேன்னு சொல்லிட்டா நான் என்ன செய்வேன்?"

ஒரே அடுப்படியில் ஒரு மாதம் நாங்கள் இரண்டு பேரும் இந்த ஒரே பயத்தைத்தான் ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டு சோறு பொங்கித் தின்றிருக்கிறோம். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேலா, என் மேலா தெரியவில்லை. எழுந்து கத்த உடம்பில் தெம்பு இல்லை. அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டார். அதை மெல்ல நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் பார்த்தார்.

"அந்த வாயில்லாச் சீவன வித்துப்புட்டமேத்தா" என்றார்.

குழந்தை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. மறுபடியும் ஒரு தடவை அதன் மூக்கைப் பார்த்துக்கொண்டேன்.